மிஸி படிக்க சிங்கப்பூருக்கு அனுப்பலாமா? கேட்ட அக்காவுக்கும் கேட்காத மத்தவங்களுக்கும்

அம்மன் அருளால இந்த வருஷத் தைப்பூசம் நல்லபடியா முடிஞ்சது. தண்ணீர்ப் பந்தல்ல நின்னவங்க, காய்கறி நறுக்கினவங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அண்டா கழுவினவங்க எல்லாருக்கும் கோடி நன்றி.

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வீட்டுல எஸ்.பி.எம். முடிச்ச பிள்ளை இருக்கிறவங்க பொறுமையா படிங்க. மத்தவங்களும் கடைசிப் பகுதியையாவது படிங்க, அது நம்ம எல்லாருக்கும்தான்.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு அன்னதானம் நடந்துக்கிட்டு இருந்தது. நான் ரசம் வாளியோட நின்னேன். ஒரு அக்கா வரிசையை விட்டு வந்து, மடிச்சு வெச்சிருந்த கடிதத்தைக் கையில கொடுத்தாங்க. "தம்பி, மகளுக்கு சிங்கப்பூர் போலிடெக்னிக்ல நர்சிங் கிடைச்சிருக்கு. சீக்கிரம் பதில் சொல்லணுமாம். அனுப்பலாமா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பக்கத்துல நின்ன மூணு பேர் பதில் சொல்லிட்டாங்க.

ஒருத்தர் சொன்னார்: "சிங்கப்பூர் வெள்ளி, நம்ம காசுக்கு மூணு மடங்குக்கு மேல. கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்க."

ஒரு அம்மா சொன்னாங்க: "பீ மூத்திரம் அள்ளுற வேலைக்கா கடல் தாண்டி அனுப்புவாங்க?"

மூணாவது ஆள்: "பாண்ட் போட்டுருவான். அப்புறம் பிள்ளைக்குக் கல்யாணமே பண்ண முடியாது."

அந்தப் பிள்ளை அம்மாவுக்குப் பின்னாடி தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கல. நானும் கேட்கல. "சாப்பிடுங்க அக்கா, அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டு அடுத்த தட்டுக்கு ரசம் ஊத்தப் போயிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு குத்துச்சு. அதனாலதான் இப்போ எழுதுறேன்.

நான் டாக்டரும் இல்ல, கல்வி ஆலோசகரும் இல்ல. எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சேன், பாக்டரியில சூப்பர்வைசர். ஆனா ஒரு விஷயத்துல எனக்கு அனுபவம் இருக்கு. 2017-ல என் அண்ணன் மகள் சிங்கப்பூருக்கு நர்சிங் படிக்கப் போனப்போ, அந்த ஒப்பந்தத்துல சூரிட்டியா கையெழுத்துப் போட்டவன் நான். அவ மூணு வருஷம் படிச்சு, மூணு வருஷம் பாண்ட் முடிச்சு, இன்னும் அங்கேயே ஸ்டாப் நர்ஸா வேலை பார்க்கிறா. அவகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பிள்ளைக்கு ஆசை இருந்தா அனுப்புங்க. ஆசை இல்லாம வெள்ளிக்காக மட்டும் அனுப்பாதீங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. அனுப்பின பிறகு, அந்தப் பிள்ளை திரும்பி வர்றப்போ தலை நிமிர்ந்து உள்ளே வர்ற மாதிரி இந்தக் கோவிலை வெச்சிருக்கிறது நம்ம கடமை. இந்தக் கடைசி விஷயத்துல நாம ஒரு தடவை தவறிட்டோம். அதையும் சொல்றேன்.

முதல்ல படிப்பு.

சிங்கப்பூர்ல தாதிமை டிப்ளோமா மூணு வருஷம். நன்யாங் போலிடெக்னிக், நீ ஆன் போலிடெக்னிக் ரெண்டுலயும் இருக்கு. பட்டப்படிப்புன்னா தேசியப் பல்கலைக்கழகத்துல இருக்கு, சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்துல இருக்கு. போலிடெக்னிக் வருஷம் ஏப்ரல்ல தொடங்கும். இந்தப் படிப்பை முடிச்சு, சிங்கப்பூர் தாதியர் வாரியத்துல பதிஞ்சாத்தான் அங்கே நர்ஸ். பதிவு இல்லாட்டி வெள்ளைச் சட்டை போட்டாலும் நர்ஸ் இல்ல.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, சில ஏஜெண்டுங்க "ஹெல்த்கேர் கோர்ஸ்"னு ஒண்ணைக் காட்டுவாங்க. பேரைக் கேட்டா நர்சிங் மாதிரியே இருக்கும். ஆனா அதை முடிச்சா நர்ஸா பதிய முடியாத கோர்ஸா இருக்கும். அதனால ஏஜெண்டுகிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "இதை முடிச்சா சிங்கப்பூர் தாதியர் வாரியத்துல பதிய முடியுமா? எழுத்துல கொடுங்க." மழுப்பினா எழுந்து வந்துடுங்க. அவர் சொன்னாலும் நீங்களே வாரியத்தோட இணையத்தளத்துல பார்த்துக்குங்க. பிள்ளைங்க கையில போன் இருக்கே, பத்து நிமிஷ வேலை.

இன்னொண்ணு. "படிச்சுக்கிட்டே பார்ட் டைம் வேலை பார்த்துக் கட்டணத்தைக் கட்டிடலாம்"னு சொல்வாங்க. போலிடெக்னிக், அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் படிப்பு நடக்கிற காலத்துல வாரத்துக்கு 16 மணி நேரம் வரைக்கும் வேலை பார்க்க அனுமதி இருக்கு. தனியார் கல்லூரியில படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு அந்த அனுமதி கிடையாது. அதுவும் நர்சிங் பிள்ளைங்க பாதி நாள் வார்டுல பயிற்சியில இருப்பாங்க. ஓய்வு நாளும் வேலைன்னா பிள்ளை படுத்துடும். பார்ட் டைம் காசை நம்பி யாரும் கணக்குப் போடாதீங்க.

அடுத்து பாண்ட்.

இது பூதமும் இல்ல, விளையாட்டும் இல்ல. சிங்கப்பூர் அரசாங்கம் கட்டணத்துல பெரும் பகுதியை மானியமா கொடுக்குது. வெளிநாட்டுப் பிள்ளை அதை வாங்கிக்கிட்டா, படிப்பு முடிச்சதும் சிங்கப்பூர்ல மூணு வருஷம் வேலை செய்யணும். அதுதான் பாண்ட். மானியம் போகவும் வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குக் கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைங்களைவிட அதிகம்தான், அதையும் மனசுல வெச்சுக்குங்க. இது போக மருத்துவமனைங்க தர்ற உதவித்தொகையை வாங்கினா அதுக்குத் தனி ஒப்பந்தம், தனிக் கணக்கு. எத்தனை வருஷம்னு அந்தத் தாள்லயே இருக்கும். எண்ணிப் பாருங்க.

பாண்டை உடைச்சா வாங்கின மானியத்தை வட்டியோட திருப்பிக் கட்டணும். பிள்ளை கட்டலைன்னா சூரிட்டி கட்டணும். சூரிட்டின்னா சாட்சிக் கையெழுத்து இல்ல. அது நம்ம தலை மேல வர்ற கடன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், நம்ம ஊர் இல்ல. மகள் நல்லாப் படிச்சு முடிச்சு வேலைக்கும் சேர்ந்துட்டா. ஒரே வருஷத்துல மாப்பிள்ளை அமைஞ்சது. மாப்பிள்ளை வீட்டுல "வேலையை விட்டுட்டு வரட்டும்"னு சொன்னாங்க, இவங்களும் சரின்னுட்டாங்க. கல்யாணம் நல்லா நடந்தது. சில மாசம் கழிச்சுக் கடிதம் வந்தது. அப்பா சொன்னார், "இப்படின்னு யாரும் சொல்லலையே." அவர் கையெழுத்துப் போட்ட தாள்லயே எழுதியிருந்தது. சூரிட்டி போட்டவர் பக்கத்து வீட்டுக்காரர், இருபது வருஷப் பழக்கம். இப்போ ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தர் போறதில்ல.

இதுல பாண்ட் மேல தப்பு இல்ல. படிக்காம கையெழுத்துப் போட்டதும், பிள்ளையோட வாக்கை நாமே உடைக்கச் சொன்னதும்தான் தப்பு. பதினெட்டு வயசுல சேர்ந்தா படிப்பு மூணு, பாண்ட் மூணு, பிள்ளைக்கு இருபத்து நாலு. இருபத்து நாலு வயசு என்ன கிழவியா? பாண்ட் காலத்துல கல்யாணமே பண்ணக்கூடாதுன்னும் இல்ல. கட்டிக்கிட்டு வேலையைத் தொடரலாம். அதைப் பெண் பார்க்க வர்ற அன்னிக்கே மாப்பிள்ளை வீட்டுல தெளிவாச் சொல்லணும், அவ்வளவுதான்.

காசு விஷயம்.

பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான், சிங்கப்பூருக்குக் கிடைக்காது. ஈ.பி.எப். பணத்தைப் பிள்ளைங்க படிப்புக்கு எடுக்கலாம், வெளிநாட்டுப் படிப்புக்கும் எடுக்கலாம். ஆனா அது நம்ம வயசான காலத்துச் சோறு. எடுக்கறதா இருந்தா எவ்வளவு மிச்சம் இருக்கும்னு பார்த்து எடுங்க. கட்டணம் மட்டும் செலவு இல்ல. ரூம் வாடகை, சாப்பாடு, பஸ், தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் இருக்கு.

"ஜேபிதானே, தினம் போய்ட்டு வரலாமே"ன்னு சிலர் கேட்பாங்க. வகுப்புக்குன்னா எப்படியோ சமாளிக்கலாம். ஆஸ்பத்திரிப் பயிற்சியில காலை ஷிப்ட் ஏழு மணிக்கெல்லாம் தொடங்கிடும். பாலத்துல நெரிசல் எப்படின்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. விடிகாலை மூணு மணிக்கு எழுந்து போற பிள்ளை எப்போ படிக்கும், எப்போ தூங்கும்? அண்ணன் மகள் ரெண்டு மாசம் முயற்சி பண்ணிப் பார்த்தா. உடம்பு இளைச்சு, வகுப்புல தூங்கி விழுந்து, அப்புறம்தான் ரூம் எடுத்தா.

திரும்பி வர்றது பத்தியும் யோசிங்க. சிங்கப்பூர்ல பதிஞ்ச நர்ஸ் நாளைக்கு மலேசியாவுக்கு வந்து வேலை செய்யணும்னா, மலேசியத் தாதியர் வாரியத்துல தனியா விண்ணப்பம் போட்டுப் பதியணும். அங்கே இருக்கிற பதிவு இங்கே தானா செல்லாது. அதோட, சிங்கப்பூர் போறோமேன்னு எஸ்.பி.எம். மலாய்ப் பாடத்தைக் கோட்டை விடாதீங்க. அந்த கிரெடிட் இல்லாம இங்கே பல கதவு மூடிடும்.

சிங்கப்பூர் கிடைக்கலைன்னா தோல்வின்னும் நினைக்காதீங்க. நம்ம சுகாதார அமைச்சோட பயிற்சிக் கல்லூரிகளும் இருக்கு, அங்கேயும் நல்ல நர்ஸ்களை உருவாக்குறாங்க. "நம்ம நாட்டுலயே நர்ஸ் பத்தலை, எதுக்கு அவன் நாட்டுக்கு அனுப்பணும்?"னு நம்ம கோவில் பெரியவர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது சம்பளத்தையும் வேலை நேரத்தையும் முடிவு பண்றவங்க. பதினெட்டு வயசுப் பிள்ளை தலையில அந்தப் பாரத்தை வைக்க முடியாது. தினமும் இந்த ஊர்ல இருந்து எத்தனை அப்பாமார் மோட்டார்ல பாலம் தாண்டுறாங்க? அவங்களை யாரும் இந்தக் கேள்வி கேட்கிறதில்ல.

வேலை எப்படிப்பட்டதுன்னு பிள்ளைகிட்ட மறைக்காதீங்க. அந்த அம்மா சொன்னது பாதி உண்மை. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு மலம் மூத்திரம் சுத்தம் பண்ணணும். தூக்கணும், திருப்பிப் படுக்க வைக்கணும், முதுகுல புண் வராம பார்க்கணும். ஆனா மீதிப் பாதியையும் சொல்லணும். அந்தப் பெரியவரோட ரத்த அழுத்தம் இறங்குதான்னு பார்க்கிறது, மருந்து அளவை ரெண்டு தடவை சரி பார்க்கிறது, மூச்சு மாறினா டாக்டருக்கு முன்னாடி கண்டுபிடிக்கிறது, எல்லாம் அதே நர்ஸ்தான். டாக்டர் வார்டுக்கு வந்து பார்த்துட்டுப் போவார். கூடவே இருக்கிறது நர்ஸ்.

பாக்டரியில புது ஆள் வந்தா நான் முதல் நாளே லைனுக்குக் கூட்டிட்டுப் போய் சத்தம், சூடு, நிக்கிற நேரம் எல்லாத்தையும் காட்டிடுவேன். பார்த்துட்டும் நிக்கிறவங்க நிலைப்பாங்க. அதே மாதிரி, சேர்றதுக்கு முன்னாடி பிள்ளையை ஒரு முதியோர் இல்லத்துல ரெண்டு மூணு வாரம் தொண்டு செய்ய விடுங்க. ஒரு பாட்டிக்குச் சோறு ஊட்டட்டும், ஒரு தாத்தாவுக்கு வாய் துடைச்சு விடட்டும். அதுக்குப் பிறகும் "போறேன்"னு சொன்னா, அந்தப் பிள்ளையை நம்பி அனுப்பலாம். ஆம்பளப் பிள்ளைங்களுக்கும் இதையே சொல்றேன். ஆண் தாதியர் நிறைய பேர் இருக்காங்க, அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

நைட் ஷிப்ட் பத்தி ஒரு வார்த்தை. "பொம்பளப் பிள்ளை ராத்திரி வேலை செய்யலாமா?"ன்னு கேட்கிற சில பேரோட மகளுங்க என் பாக்டரியிலயே நைட் ஷிப்ட் பார்க்கிறாங்க. சாயங்காலம் பாக்டரி பஸ் வந்து ஏத்திட்டுப் போகுது, காலையில இறக்கி விடுது. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. மிஷினுக்குப் பக்கத்துல ராத்திரி முழிச்சிருந்தா மரியாதை, நோயாளிக்குப் பக்கத்துல முழிச்சிருந்தா மரியாதை இல்லையா?

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் தாள்ல இருக்கிறது. யாரும் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கலாம். இனிமே சொல்றது தாள்ல இல்லாதது.

சிங்கப்பூர் நமக்கு வெளிநாடு மாதிரியே தெரியாது. ஸ்தூலாங் கடற்கரையில நின்னா அந்தப் பக்கத்துக் கட்டடம் தெரியும். பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். எங்க அண்ணன் அப்படிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டார், "கூப்பிடு தூரம்தானே" என்று. 2020 மார்ச் 18-ல நம்ம பக்கம் கட்டுப்பாடு வந்து போக்குவரத்து நின்னதுக்கு அப்புறம்தான் அந்தத் தண்ணி எவ்வளவு அகலம்னு எங்களுக்குத் தெரிஞ்சது.

அப்போதான் அவ படிப்பை முடிச்சு வேலையில சேர்ந்த நேரம். ஏப்ரல்ல சிங்கப்பூரும் மூடிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள உறவுக்காரங்களை விடல. அவ வார்டுல ஒரு வயசான அம்மா. பேரு, இனம், வியாதி எதையும் அவ சொல்ல மாட்டா, சொல்லவும் கூடாது, அது அவங்க தொழில் தர்மம். அந்த அம்மா ராத்திரியானா மகளைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்களாம். மகள் வர முடியாது. இவ வேலைக்கு நடுவுல போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவாளாம். அந்த அம்மா இவளையே மகள்னு நினைச்சுத் தூங்கிடுவாங்களாம்.

அந்த வருஷம் ஜூலையில எங்க அம்மா, அவளோட பாட்டி, இங்கே ஜேபியில தவறிட்டாங்க. அவளைத் தோள்ல போட்டு வளர்த்தவங்க. வரணும்னா வரலாம். ஆனா வந்தா பதினாலு நாள் தனிமை, திரும்பி உள்ளே போக எப்போ அனுமதி கிடைக்கும்னு தெரியாது, வேலையில சேர்ந்து நாலு மாசம்கூட ஆகல. வீடியோ காலில் பார்த்தா. நான்தான் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பெட்டியை மூடுறப்போ "சித்தப்பா, இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க"ன்னா. அன்னிக்கு ராத்திரி அவ வேலைக்குப் போனா. "லீவு எடும்மா"ன்னு சொன்னேன். "ரூம்ல தனியா உட்கார்ந்து என்ன பண்றது சித்தப்பா? வார்டுலயாவது நாலு பாட்டி இருக்காங்க"ன்னு சொன்னா.

அனுப்புறதுக்கு முன்னாடி பெத்தவங்க யோசிக்க வேண்டியது இதுதான். நம்ம வீட்டுல ஒரு படுக்கை விழுந்தா அந்தப் பிள்ளை இன்னொருத்தர் வீட்டுப் படுக்கைக்குப் பக்கத்துல நிக்கும். அது அந்தத் தொழிலோட இயல்பு. மனசைத் தயார் பண்ணிக்கிட்டு அனுப்புங்க. பின்னாடி "பாட்டி சாவுக்கே வரல"ன்னு பிள்ளையைக் குத்திக் காட்டாதீங்க.

இப்போ நாம தவறின கதை.

2022 ஏப்ரல் 1-ல பாலம் பழையபடி திறந்தது. அவ வந்தா. அந்த வருஷம் ஆடி வெள்ளி, நம்ம கோவில் திருவிளக்கு பூசை. பாட்டி வருஷா வருஷம் உட்கார்ற இடத்துல, பாட்டியோட குத்துவிளக்கை வெச்சு உட்கார்ந்தா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் பூசை அவளுக்கு. அப்போ பின்னாடியிருந்து ஒரு குரல்: "ஆஸ்பத்திரியில பொணம் தொடுற கை. இவங்க எல்லாம் முன் வரிசையில விளக்கு ஏத்தலாமா?"

யார் சொன்னதுன்னு எழுத மாட்டேன். கெட்ட மனசுல சொன்னதா நான் நினைக்கல, பயத்துல சொன்னது. அவளுக்குக் கேட்டுடுச்சு. திரும்பிப் பார்த்துச் சிரிச்சா. விளக்கைத் தூக்கிக்கிட்டு மண்டபத்துக் கடைசித் தூணுக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்துட்டா.

அன்னிக்கு வரிசை பார்த்துக்கிட்ட தொண்டன் நான். சூரிட்டி போட்ட சித்தப்பாவும் நான். ஒரு வார்த்தை பேசல. பூசை நேரத்துல பிரச்சினை வேணாம்னு நினைச்சேன். பாக்டரியில ஒரு ஆளை இன்னொருத்தர் தப்பாப் பேசினா லைனை நிறுத்தி விசாரிக்கிறவன், அம்மன் சன்னதியில வாயை மூடிக்கிட்டு நின்னேன். அதுக்கப்புறம் அவ ஜேபிக்கு வந்தாலும் நம்ம கோவிலுக்கு வர்றதில்ல. யீஷுன்ல இருக்கிற முருகன் கோவிலுக்குப் போறேன்னு சொல்றா. அவ தங்கியிருக்கிற இடத்துக்குக் கிட்டன்னு சொல்றா. காரணம் அது இல்லன்னு எனக்குத் தெரியும்.

பிறகு நம்ம குருக்களைக் கேட்டேன். அவர் சொன்னது: சாவுத் தீட்டு பங்காளிகளுக்கு, குடும்பத்துக்கு. கடமைக்காகத் தொட்டவங்க குளிச்சுச் சுத்தமா வந்தா போதும், தாராளமா விளக்கு ஏத்தலாம். நான் சாஸ்திரம் படிச்சவன் இல்ல. ஆனா ஒண்ணு கேட்கிறேன். திருவிழாவுக்கு டாக்டர் வந்தா பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி முன்னாடி உட்கார வைக்கிறோம். டாக்டர் பொணம் தொடாமலா படிச்சார்? ரத்தம் படாமலா அறுவை சிகிச்சை பண்றார்? டாக்டர் கைக்கு இல்லாத தீட்டு மிஸி கைக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது?

திருச்சி மலைக்கோட்டையில தாயுமானவர் கோவில் இருக்கு. தலவரலாறு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். பிரசவ வலியில இருக்கிற பெண்ணுக்கு உதவ அம்மா புறப்பட்டு வர்றாங்க. காவிரியில வெள்ளம், அக்கரையிலயே மாட்டிக்கிட்டாங்க. அந்த நேரத்துல சிவபெருமானே அந்த அம்மா உருவத்துல வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிஞ்சு உண்மையான அம்மா வந்து நிக்கிறப்போதான் வந்தது யாருன்னு தெரியுது. தாயும் ஆனதால தாயுமானவர். பிரசவ அறைக்குள்ள போய், ரத்தத்தைத் தொட்டு, பிள்ளையைக் கையில ஏந்தின சாமிக்கு நாம தீட்டுச் சொல்றோமா? கோவில் கட்டிக் கும்பிடுறோம்.

எங்க வீட்டுல நடந்ததும் எனக்கு அதுதான். அக்கரையில மகள் மாட்டிக்கிட்டா, இக்கரையில தாய் கூப்பிடுறா. நடுவுல போய் மகளா உட்கார்ந்தது நம்ம ஊர்ப் பிள்ளை. தண்ணி மட்டும்தான் வேற.

நான் பிறந்தது குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. தோட்டத்து ஆஸ்பத்திரி மிஸி லயத்துப் பக்கம் வந்தா அஞ்சடியில உட்கார்ந்திருக்கிற பெரியவங்க எழுந்திருப்பாங்க. பிள்ளைங்க வரிசையா நிப்போம். எங்க அம்மா எனக்கு நல்ல சட்டை மாட்டி விடுவாங்க, மிஸி பார்ப்பாங்கன்னு. அவங்களும் அழுக்கைத் தொட்டவங்கதான், புண்ணைக் கழுவினவங்கதான். தோட்டத்துல இருந்த அந்த மரியாதை தாமான் வீட்டுக்கு வந்ததும் எங்கே போச்சு? சிங்கப்பூர்ல ஆகஸ்ட் 1 தாதியர் தினம். 1885-ல அந்த நாள்லதான் கன்னியாஸ்திரிகள் அங்கே பொது மருத்துவமனையில தாதிமை வேலையைத் தொடங்கினாங்க. வேற மதத்துப் பெண்கள் கடல் தாண்டி வந்து செஞ்ச சேவையை ஒரு நாடு இன்னும் நினைச்சுப் பார்க்குது. நம்ம வீட்டுப் பிள்ளை செய்யிற அதே சேவையை நாம கடைசித் தூணுக்குத் தள்ளினோம்.

நிர்வாகத்துக்கு ரெண்டு வேண்டுகோள் வெச்சிருக்கேன்.

ஒண்ணு, தேர்வுக்கு முன்னாடி பேனா பென்சில் வெச்சுப் பூசை பண்றோம், நல்லது. தேர்வுக்குப் பிறகு பிள்ளைங்களை மறந்துடறோம். மாசத்துல ஒரு ஞாயிறு மண்டபத்துல ஒரு மேசை, நாலு நாற்காலி போதும். கடிதம் வந்தவங்க, கையெழுத்துப் போடப் போறவங்க வரட்டும். படிச்சவங்க நாலு பேர் உட்கார்ந்து வரி வரியாப் படிச்சுச் சொல்லலாம். யாரும் யாருக்கும் சூரிட்டி போட வேணாம், படிச்சுச் சொன்னாலே பெரிய உபயம்.

ரெண்டு, வர்ற ஆடித் திருவிளக்கு பூசையில, நம்ம ஊர்ப் பிள்ளைங்கள்ல நர்ஸா இருக்கிறவங்க, இங்கே ஆனாலும் அக்கரையில ஆனாலும், அவங்களை முன் வரிசைக்கு அழைக்கணும். மாலை மேளம் எதுவும் வேணாம். இடம் கொடுத்தா போதும். நிர்வாகம் இன்னும் பதில் சொல்லல. உங்கள்ல சம்மதம் உள்ளவங்க கீழே எழுதுங்க, எடுத்துட்டுப் போய்க் காட்டுறேன். சம்மதம் இல்லாதவங்களும் எழுதுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா முகத்துக்கு நேரா சொல்லுங்க, விளக்குக்குப் பின்னாடி நின்னு சொல்லாதீங்க.

அண்ணன் மகளுக்கு ஒண்ணு: அன்னிக்குச் சித்தப்பா பேசலம்மா. இப்போதான் பேசறேன். பாட்டி விளக்கை அண்ணி தேய்ச்சு வெச்சிருக்காங்க.

கடிதம் கொண்டு வந்த அக்காவுக்கு: வர்ற ஞாயிறு காலை பூசை முடிஞ்சதும் மண்டபத்துக்கு வாங்க. ஒப்பந்தத் தாள் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. பசியாறிட்டு உட்கார்ந்து நிதானமாப் படிக்கலாம். மகளையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. அன்னிக்கு வரிசையில எல்லாரும் பேசினோம், அவ மட்டும் பேசல. ஞாயித்துக்கிழமை முதல்ல அவ பேசட்டும். நாங்க கேட்கிறோம்.

அம்மன் துணை. ஓம் சக்தி.